நாற்பத்திரண்டாவது வரி

பட்டியலில் ஒரு வரி கூடுதலாக இருந்தது.

றிஸானா இரண்டு தடவை எண்ணிப் பார்த்தாள். கோப்புறையில் இருந்தவை நாற்பத்தொரு கோப்புகள். பட்டியலோ நாற்பத்திரண்டு என்றது. பிற்பகல் அசர் தொழுகை முடிந்ததிலிருந்து கச்சான் காற்று கற்பிட்டியின் மேற்குக் கரையை அறைந்துகொண்டிருந்தது; மேல்மாடி யன்னல் இடுக்கால் மணல் புகுந்து மேசையில் படிந்து, விரல் பட்ட இடமெல்லாம் நறநறத்தது; கீழே கரையில் காயப்போட்டிருந்த கருவாட்டின் வாடை அறை முழுக்க அடைந்து கிடந்தது. வழக்கமான காற்று, வழக்கமான வாடை. வழக்கமில்லாதது அந்த ஒரு வரிதான்.

கடலில் அலை மிஞ்சும் முன்னரே மீனவர்களின் போன்களில் அபாயச் சங்கு ஊதுகிற செயலி அது. கொழும்புக் கம்பனி ஒன்றுக்காக வீட்டிலிருந்தே அதைச் செய்துவந்தாள். எந்தெந்தக் கோப்புகளைச் சேர்த்துச் செயலியைக் கட்டுவது என்ற பட்டியலை மனிதர் யாரும் எழுதுவதில்லை. கூட வேலைசெய்த அஸ்ஜத் அதற்கென்று ஒரு கருவி செய்திருந்தான். யார் எதை எத்தனை மணிக்கு மாற்றினார்கள் என்று குறித்துவைக்கும் பொதுப் பதிவேட்டை அந்தக் கருவி படிக்கும். பதிவேட்டில் ஏறிய கோப்புகளைப் பட்டியலில் சேர்க்கும். ஏறாததை விட்டுவிடும். விட்டதைச் சொல்லவும் சொல்லாது. பட்டியல் முடிந்ததும் செயலி தானாகவே கட்டப்பட்டு, மாலை ஆறு மணிக்குக் கரையிலுள்ள அறுபது போன்களுக்கும் போய்விடும்.

அஸ்ஜத் கடலில் மூழ்கி மௌத்தாகிப் பத்து மாதம். செயலியைச் சோதித்துப் பார்க்க அவனே ஒரு படகில் போனான். காற்று திரும்பியது. சங்கு ஊதவில்லை. படகோட்டி நீந்திக் கரைசேர்ந்தார். அஸ்ஜத் கரைசேரவில்லை; அவனுடைய மையித்துகூடக் கிடைக்கவில்லை.

சங்குக் கோப்பைச் செய்தவள் றிஸானா. அதைப் பதிவேட்டில் ஏற்ற மறந்தவளும் அவள்தான். மறுநாள் விடிய ஆறு மணி பன்னிரண்டுக்கு, அவன் கடலுக்குப் போனதற்கு முதல்நாள் தேதியைப் போட்டு அதை ஏற்றினாள். விசாரித்தவர்கள் பதிவேட்டைப் பார்த்தார்கள். கோப்பு முன்னரே இருந்திருக்கிறது, கருவிதான் பிழை விட்டிருக்கிறது என்று எழுதினார்கள். தன் கருவியாலேயே போனவன் என்று ஊர் கதைத்தது. அவனுடைய மனைவி ஃபர்ஸானா அந்தக் கதையையும் சுமந்துகொண்டு கீழே கரையில் கருவாடு காயவைக்கும் வாடியில் வேலைக்குப் போனாள். றிஸானா வாய் திறக்கவில்லை.

நாற்பத்திரண்டாவது வரியில் இருந்தது ஓர் ஒலிக்கோப்பு. பெயர் ‘வராத சத்தம்’. ஏற்றியவர்: அஸ்ஜத். நேரம்: இன்று, ஐந்து மணி ஏழு.

கொழும்புக் கம்பனியில் இருந்த இனாஸுக்கு அழைத்தாள். அஸ்ஜத்தைப் போலவே அவனும் அவளை அக்காவாக ‘ராத்தா’ என்பான்.

“அஸ்ஜத்ட கணக்க ஆரும் திறந்தீங்களா?”

“இல்ல ராத்தா. அத பூட்டிப் பத்து மாசம். அதால ஆருக்கும் உள்ள வர ஏலாது.” அவன் விசைப்பலகையைத் தட்டுவது கேட்டது. “ஆனா இஞ்சயும் தெரியுது. அவர்ட பேர்தான் கெடக்கு. என்னண்டு பாக்கவா?”

“வேணாம். நான் பாத்துக்கிறன்.”

வரியை அழித்தாள். பட்டியலை மறுபடி எழுதச் சொன்னாள். நாற்பத்தொன்று. மூச்சு விட்டாள். விட்ட மூச்சு திரும்புமுன் திரை ஒருதரம் அசைந்தது.

நாற்பத்திரண்டு.

பதிவேட்டைத் திறந்து பழைய பக்கங்களுக்குப் போனாள். சங்குக் கோப்புக்கு எதிரே அவள் போட்ட பொய்த் தேதி இல்லை. விடிய ஆறு பன்னிரண்டு என்று, நடந்தது நடந்தபடியே இருந்தது. அதன் கீழே, மாற்றத்துக்கான காரணம் எழுதுகிற இடத்தில் ஒரு வரி.

‘ராத்தா, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?’

அறையில் கருவாட்டு வாடை நின்றுபோயிருந்தது. இப்போது வேறு வாடை. நனைந்த துணி. பாசி.

ஐந்து ஐம்பத்தாறு. போனை எடுத்தாள். ஃபர்ஸானாவின் இலக்கம் இருந்தது. அதன்மேல் பெருவிரல் நின்றது. ஒரு சொல் போதும். ஊர் என்ன சொல்லும், வேலை என்னவாகும், பள்ளிக்குப் போகிற பிள்ளைகளை யார் எப்படிப் பார்ப்பார்கள் என்றெல்லாம் நினைத்தாள். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

வரியை அழித்தாள். தேதியை மாற்றினாள். இரண்டும் திரும்பி வந்தன. மறுபடி அழித்தாள்.

ஆறு மணி.

காற்று அறுந்ததுபோல் நின்றது.

மேசையில் கவிழ்ந்து கிடந்த போனுக்குள் தண்ணீர் அலம்பியது. படகின் பக்கத்தில் அலை மோதுகிற சத்தம். பிறகு மூச்சு. பிறகு, கிட்டத்தில், மிகக் கிட்டத்தில் அவனுடைய குரல்.

“ராத்தா, சங்கு ஊதுதில்லயே. அந்தக் கோப்ப ஏத்தினீங்களா?”

அணைத்தாள். அணையவில்லை.

கீழே கரையிலும் அதே குரல் எழுந்தது. ஒரு படகில். அடுத்ததில். வலை வாடியில். தேநீர்க் கடையில். ஒன்றுக்கொன்று சற்றுப் பிந்தி, அறுபது போன்களில் ஒரே கேள்வி. ஆட்கள் வேலையை விட்டு எழுந்தார்கள்.

யன்னலுக்குப் போனாள். போகக் கூடாதென்று தெரிந்தும்.

ஃபர்ஸானா கருவாட்டுப் பாய்களுக்கு நடுவே நின்றாள். போனைக் காதோடு வைத்திருந்தாள். அவள் முகம் கடலைப் பார்க்கவில்லை. மேல்மாடியைப் பார்த்தது.

அவளுக்குப் பக்கத்தில், காய்ந்த மணலில், ஓர் ஆள் நிற்குமளவுக்கு ஈரம்.

ஃபர்ஸானா றிஸானாவின் வீட்டை நோக்கி ஓர் அடி வைத்தாள். அந்த ஈரமும் ஓர் அடி வைத்தது.