இன்னும் எத்தனை சட்டக்?

டமாரத்துக்கு அந்தப் பெயரை வைத்தது அவளுடைய அத்தை. காலையில் அடுப்படியில் யார் என்ன பேசினாலும் மதியத்துக்குள் அது கீழ் வீட்டுக்குப் போய்விடும். கொண்டுபோய்ச் சேர்ப்பது யார்? வேறு யார், இவள்தான்.

"இவ வாயில எதுவும் தங்காது. சரியான டமாரம்!" என்றார் அத்தை ஒருநாள். அதோடு அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு அழகான வேறு பெயர் உண்டு. வீட்டில் யாருக்கும் அது நினைவுகூட இல்லை.

அத்தை, அப்பாவின் அக்கா. இவர்கள் வீட்டிலேயே இருந்தார். புகைப்படம் எடுப்பது அவர் தொழில். கல்யாணம், பள்ளி ஆண்டு விழா, கடைத் திறப்பு என்று யார் கூப்பிட்டாலும் கறுப்புக் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். எதை எடுத்தாலும் மூன்று தடவை எடுப்பார்.

"ஒண்ணு உங்களுக்கு. ஒண்ணு எனக்கு. ஒண்ணு கண்ணை மூடினவங்களுக்கு!"

சட்டக். சட்டக். சட்டக்.

அந்தக் கேமராவின் சத்தம் அப்படித்தான் இருக்கும். அந்தச் சத்தம் கேட்டால் அத்தை வீட்டில் இருக்கிறார் என்று அர்த்தம்.

இப்போது அத்தை இல்லை. மழைக்காலம் தொடங்கியபோது அவருக்கு நோய் வந்தது. "ஒரு வருஷம் தாங்குவாங்க" என்றார் டாக்டர். மழைக்காலம் முடிவதற்குள்ளேயே அத்தை போய்விட்டார். அன்று டமாரத்தையும் அவள் தம்பியையும் கீழ் வீட்டில் உட்கார வைத்திருந்தார்கள். மாலையில் மாடிக்கு வந்தபோது அத்தையின் கட்டிலில் விரிப்புகூட இல்லை.

தம்பிக்கு நான்கு வயது. எல்லோரும் அவனை வாண்டு என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அத்தை எங்கம்மா?" என்று கேட்டான் வாண்டு.

"வெளியூர்ல பெரிய வேலைடா கண்ணு. முடிஞ்சதும் வருவாங்க" என்றார் அம்மா.

பிறகு டமாரத்தை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "அவன்கிட்ட எதுவும் சொல்லித் தொலைக்காதே. பச்சைப் பிள்ளை, தாங்க மாட்டான்" என்றார்.

நீங்கள் நம்புவீர்களா, தெரியவில்லை. டமாரம் சொல்லவே இல்லை. ஊருக்கே செய்தி சொல்லும் அந்த வாய்க்கு இந்த ஒரு செய்தியைச் சொல்ல வரவில்லை.

அத்தையின் கேமரா பீரோவிலேயே கிடந்தது. ஒருநாள் அப்பா அதை எடுத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, "சும்மா கிடந்து வீணாப் போயிடப் போகுது. ஒருதடவை காட்டிட்டு வந்துடலாம்" என்றார். டமாரமும் கூடவே போனாள்.

தெருமுனையில் கேமரா பழுது பார்க்கும் கடை ஒன்று இருந்தது. நான்கு பேர் சேர்ந்து நின்றால் மூச்சு முட்டும், அவ்வளவு சின்னக் கடை. அங்கே இருந்த அக்காவின் உதடுகளுக்கு நடுவே எப்போதும் ஒரு குட்டித் திருகாணி இருக்கும். அதை வைத்துக்கொண்டே பேசுவார். எப்படித்தான் விழுங்காமல் இருக்கிறாரோ!

ரிப்பேர் அக்கா கேமராவைக் கணினியோடு இணைத்துப் பார்த்தார்.

"நல்லாதான் இருக்கு சார். ஆனா ரொம்ப உழைச்சிருக்கு. ஒரு லட்சத்து நாப்பத்தொம்பதாயிரத்துச் சொச்சம்."

"என்னது அது?" என்று கேட்டாள் டமாரம்.

"உள்ள ஒரு குட்டிக் கதவு இருக்கு பாப்பா. பேரு ஷட்டர். நீ பட்டனை அமுக்குறப்போ அது திறந்து மூடும். அதுதான் சட்டக். எத்தனை தடவை மூடிச்சுன்னு கேமராவே கணக்கு வெச்சிருக்கும்."

"எத்தனை தடவை வரைக்கும் மூடும்?"

"ஒன்றரை லட்சம்னு கம்பெனிக்காரங்க சொல்றாங்க."

அதற்குள் அப்பாவுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. கேமராவை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினார். டமாரம் வழியெல்லாம் கழித்தல் கணக்கு போட்டாள். ஆயிரம்கூட மிச்சம் இல்லை! அத்தை பேச்சு நின்றுவிட்டது. சிரிப்பு நின்றுவிட்டது. இனி இந்தச் சத்தமும் நின்றுவிடுமா?

வீட்டுக்கு வந்ததும் கேமராவைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"இனிமே இதை யாரும் தொடக் கூடாது. போட்டோ வேணும்னா போன்ல எடுத்துக்கோங்க."

அப்பா தலையை மட்டும் ஆட்டினார். அந்தச் சத்தத்தைக் கேட்க அவருக்குத் தெம்பு இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் டமாரம் அத்தையின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கேமராவை எடுத்துக் காலிக் கட்டிலைப் பார்த்து ஒரே ஒரு தடவை அமுக்குவாள். சட்டக். கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். அடுத்த நொடி கேமரா பீரோவுக்குள் போய்விடும். அத்தை வழக்கம் மூன்று. இவள் ஒன்றோடு நிறுத்திக்கொண்டாள். கஞ்சத்தனம் என்றால் கஞ்சத்தனம்தான். ஆனால் அது ஆசையால் வந்த கஞ்சத்தனம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் குளிக்கப் போனபோது சாவிக்கயிற்றைக் கட்டில்மேல் கழற்றி வைத்துவிட்டுப் போனாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றியிருப்பாள். அப்போதுதான் கேட்டது.

சட்டக்சட்டக்சட்டக்சட்டக்சட்டக்!

ஈரத் தலையோடு ஓடி வந்தாள். வாண்டு கட்டிலில் உட்கார்ந்து பட்டனை அமுக்கிப் பிடித்திருந்தான். அவன் எதையோ திருகியிருக்கிறான். விரலை எடுக்காதவரை கேமரா படபடவென்று எடுத்துக்கொண்டே இருந்தது.

"ஐயோ! விடுடா! விடு!"

பிடுங்கினாள். பிடுங்கிய வேகத்தில் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"எல்லாத்தையும் தீர்த்துட்டியேடா பாவி!"

வாண்டு உதட்டைப் பிதுக்கினான். பிறகு வீடே அதிரும்படி அழுதான். அழுகைக்கு நடுவே அவன் சொன்னதுதான் அவளைத் தூக்கிவாரிப் போட்டது.

"நீ மட்டும் அத்தைகூட விளையாடுற! கதவைச் சாத்திட்டு விளையாடுற! எனக்கு மட்டும் காட்ட மாட்டேங்கிற!"

"என்னடா சொல்றே?"

"சத்தம் கேட்டுச்சே! ஞாயித்துக்கிழமைன்னா அத்தை வர்றாங்க. நான் தலை சீவிட்டு வெளியவே நிக்கிறேன். நீ கதவைத் திறக்கவே மாட்டே. இன்னிக்கு நானே உள்ள வந்தேன். அத்தை எங்கே?"

டமாரம் அவனைப் பார்த்தாள். தலைமுடியைத் தண்ணீர் தொட்டு அழுத்தி வாரியிருந்தான். வகிடு கோணல்மாணலாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் தானாகவே தலை வாரிக்கொள்வதைப் பார்த்து அம்மாகூட, "பெரிய மனுஷன் ஆயிட்டான்!" என்று சிரிப்பார். அவன் அத்தைக்காக வாரியிருக்கிறான். அத்தை போட்டோ எடுப்பார் என்று கதவுக்கு வெளியே காத்துக்கொண்டு நின்றிருக்கிறான். அவளுக்கு, அடித்த கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

அன்று மதியம் அம்மாவிடம் போனாள்.

"அம்மா, வாண்டுகிட்ட சொல்லிடலாமா?"

"எதுக்குடி? கொஞ்ச நாள்ல அவனே மறந்துடுவான்."

மறந்துவிடுவானா? அத்தையையா? அது இன்னும் மோசமாக இருக்கும் போலத் தோன்றியது அவளுக்கு.

மறுநாள் பள்ளி விட்டு வந்ததும் கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு ரிப்பேர் அக்காவிடம் போனாள்.

"இன்னும் எத்தனை மிச்சம் இருக்குன்னு பாருங்கக்கா. என் தம்பி நிறைய அமுக்கிட்டான்."

அக்கா பார்த்தார். "இன்னும் முந்நூறு சொச்சம் எடுத்தா ஒன்றரை லட்சம்."

டமாரம் கேமராவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அவ்வளவுதானா? அப்புறம் நின்னுடுமா?"

அக்கா முதல்முறையாக வாயிலிருந்து திருகாணியை எடுத்தார்.

"யார் சொன்னா? நிறைய ஷட்டரை ஓட்டிப் பார்த்துட்டு, ஏறக்குறைய இவ்வளவு வரும்னு ஒரு கணக்கு சொல்றாங்க. சிலது பாதியிலேயே போயிடும். சிலது ரெண்டு மடங்கு ஓடும். இது எப்போன்னு எனக்கும் தெரியாது, கம்பெனிக்காரங்களுக்கும் தெரியாது."

"டாக்டர்கூட ஒரு வருஷம்னு சொன்னாங்க" என்றாள் டமாரம்.

அக்காவுக்கு விஷயம் புரிந்தது. அத்தையை அவருக்கும் தெரியும். மேசைமேல் ஆறிப் போயிருந்த தேநீரை எடுத்தார். குடிக்காமல் கீழே வைத்தார்.

"பூட்டி வெச்சா போகாதில்ல?" என்று கேட்டாள் டமாரம்.

"பூட்டி வெச்சாலும் சிலது இறுகிப்போய் நின்னுடும் பாப்பா. வேற ஷட்டர் மாத்தலாம். அது முடியும்."

"மாத்தினா இதே சத்தம் வருமா?"

அக்கா பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "கிட்டத்தட்ட வரும். இதேதான்னு சொல்ல மாட்டேன். இது உங்க அத்தை கையில ஓடி ஓடித் தேஞ்ச சத்தம்."

டமாரம் மெதுவாக வீட்டுக்கு நடந்தாள். படியேறும்போதே முடிவு பண்ணிவிட்டாள்.

வாண்டு நேற்று வாங்கிய அடியை மறக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். அவன் கையைப் பிடித்து அத்தையின் அறைக்குக் கூட்டிப்போனாள். கதவைச் சாத்தவில்லை. அகலமாகத் திறந்தே வைத்தாள். கேமராவை அவன் மடியில் வைத்தாள்.

"அமுக்கு."

"அடிப்பியா?"

"அடிக்க மாட்டேன். அமுக்கு."

சட்டக்.

வாண்டு நிமிர்ந்து அறை முழுக்கப் பார்த்தான். கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தான். பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"அத்தை வரலையே?"

"சத்தம் கேமராவுக்குள்ள இருந்துதான்டா வருது. அத்தை வர்றதில்ல. நான் இங்க தனியாதான் இருந்தேன்."

"அப்போ எப்ப வருவாங்க?"

டமாரம் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "வர மாட்டாங்க. அத்தை வெளியூர் போகல. அத்தைக்கு உடம்பு ரொம்ப முடியாமப் போய், செத்துப்போயிட்டாங்க."

"சாப்பிடக்கூட வர மாட்டாங்களா?"

"ம்ஹூம்."

"என் பிறந்தநாளுக்கு?"

"அதுக்கும் வர மாட்டாங்கடா."

வாண்டு கேமராவைக் கட்டிலின்மேல் வைத்தான். பிறகு டமாரத்தின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். நேற்று அழுத மாதிரி சத்தம் போட்டு அழவில்லை. டமாரமும் அழுதாள். அத்தை போனதிலிருந்து அவள் அழுவது அதுதான் முதல் தடவை.

அம்மா ஓடி வந்தார். "என்னடி சொன்னே அவன்கிட்ட? யாரைக் கேட்டுச் சொன்னே?" என்று ஆரம்பித்தவர், இரண்டு பேரையும் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். இத்தனை நாளும் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதவர், இன்று பிள்ளைகள் முன்னாலேயே அழுதார். வாண்டுதான் தவழ்ந்து போய் அவர் மடியில் ஏறிக்கொண்டான்.

அதற்குப் பிறகு பீரோவுக்குப் பூட்டு கிடையாது. இரண்டு பேரும் கேமராவோடு வீடு முழுக்க அலைந்தார்கள். அம்மா அரிசி களைவது, அப்பா வாயைப் பிளந்து தூங்குவது, வாண்டுவின் ஒற்றைச் செருப்பு, கீழ் வீட்டுப் பூனையின் வால் (பூனை ஓடிவிட்டது) என்று எதையும் விடவில்லை. எல்லாம் மூன்று மூன்று தடவை. டமாரம் ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்துக்கொண்டே வந்தாள். ஒன்றரை லட்சம் தாண்டிய அன்று டமாரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினாள். ஒன்றுமே ஆகவில்லை. கேமரா பாட்டுக்குச் சட்டக் என்றது.

"ஏய், தாண்டிடுச்சுடா!" என்று அவள் கத்திய கத்தலில் அப்பா ஷேவிங் சோப்பு நுரையோடு வந்து எட்டிப் பார்த்தார்.

ஆனால் என்றைக்கும் ஓடும் என்று யாரும் சொல்லவில்லையே. ஒருநாள் மாலை, வாண்டு சன்னல் ஓரம் நின்றான். தலையை வாரியிருந்தான். டமாரம் குறி பார்த்து அமுக்கினாள்.

சட்ட...

பாதியில் நின்றது. திரையில் பிழை என்று எழுத்து வந்தது. அணைத்துப் போட்டாள். மறுபடியும் அமுக்கினாள். உள்ளே ஏதோ லேசாக உரசியது, அவ்வளவுதான். கடைசிப் படத்தைப் பார்த்தாள். மேல் பாதியில் வாண்டுவின் வாரிய தலையும் இரண்டு கண்ணும் இருந்தன. கீழ்ப் பாதி முழுக்கக் கறுப்பு.

"நின்னுடுச்சா அக்கா?"

"ஆமாடா." கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இந்த நாள் வரும் என்று தெரியும். தெரிந்திருந்தும் வலித்தது.

வாண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கேமராவின் கண்ணாடிக்கு நேராக முகத்தைக் கொண்டுபோனான். கையை மெல்ல ஆட்டினான்.

"போயிட்டு வாங்க அத்தை."

டமாரம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "டேய், அத்தை வர மாட்டாங்கன்னு சொன்னேன்ல?"

"தெரியும் அக்கா" என்றான் வாண்டு. "ஆனா அன்னிக்கு நம்மளைக் கீழ் வீட்ல உக்கார வெச்சுட்டாங்கல்ல? நான் அத்தைக்குச் சொல்லவே இல்ல. அதான் இப்போ சொன்னேன். நீயும் சொல்லிடு."

டமாரம் கேமராவை மடியில் நிமிர்த்தி வைத்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அவளும் சொன்னாள்.