அந்தப் படம் என்னுடையது!

போன் அலறியது.

மெஹ்ரீன் எடுக்கவில்லை. எடுக்கிற நிலையிலும் இல்லை. லேப்டாப் திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு மிரட்டல்...

'மூன்றாவது புகார். இன்று மாலை ஐந்து மணிக்குள் படங்கள் உங்களுடையவை என்று நிரூபிக்காவிட்டால் உங்கள் இணையப் பக்கம் நீக்கப்படும்.'

ஆறு வருட உழைப்பு. எண்ணூறு படங்கள்! தாம்பரம் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும் முகங்களை வரைந்து வரைந்தே பேர் வாங்கியவள் அவள். அந்தப் படங்களைச் சுட்டு டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்ற இரண்டு பேர், 'வரைந்தது நாங்கள், அவள்தான் திருடி' என்று அவள் மீதே புகார் கொடுத்திருந்தார்கள். திருடனுக்குத்தான் எத்தனை துணிச்சல்!

போன் விடுவதாக இல்லை. எடுத்தாள்.

"மெஹ்ரீனா? இன்ஸ்பெக்டர் கோகிலவாணி பேசறேன். குப்புராஜைத் தெரியுமா?"

"தெரியும் மேடம். என் படத்தைத் திருடுற ரெண்டு பேர்ல ஒருத்தர்."

"இப்ப ஒருத்தர்தான் மிச்சம். முடிச்சூர்ல அவர் கடைக்கு உடனே வாங்க!"

இருபது நிமிடத்தில் ஆட்டோ அவளை இறக்கிவிட்டது.

அச்சடிக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தார் குப்புராஜ். கழுத்தில் துணி வெட்டும் கத்தரிக்கோல்...

மெஹ்ரீன் கிட்டே போய்ப் பார்த்தாள். இந்தக் காட்சியை அவள் ஏற்கெனவே பார்த்திருக்கிறாள். பார்த்திருக்கிறாள் என்ன... வரைந்தே இருக்கிறாள்! நேற்று மத்தியானம், கோபம் தலைக்கேறிய நேரத்தில். 'படத் திருடனின் கதி' என்று தலைப்பு வேறு வைத்துத் தன் பக்கத்தில் போட்டிருந்தாள்.

"இவதான் மேடம்!" குப்புராஜின் கூட்டாளி உதயா மாரில் அடித்துக்கொண்டான். "காலீல வந்து ஷட்டரத் தூக்குனா அண்ணன் இப்டி கெடக்குறாரு! நேத்து படம் போட்டு சொன்னா, இன்னிக்கு செஞ்சிட்டா! இன்னா தெனாவட்டு பாருங்க!"

கோகிலவாணி தன் செல்போனை நீட்டினார். திரையில் அந்தப் படம்.

"இது நீங்க வரைஞ்சதா?"

ஒரே ஒரு 'இல்லை' போதும். தப்பித்துவிடலாம். ஆனால் இங்கே இல்லை என்று சொல்லிவிட்டு, ஐந்து மணிக்கு எல்லாம் என்னுடையது என்று எந்த முகத்தோடு சொல்வது? எண்ணூறும் போய்விடும். ஆமாம் என்றாலோ... ஜெயில்!

பயம். அப்படியொரு பயம். ஆனாலும் பெற்ற பிள்ளையை யாரோ என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"நான்தான் மேடம் வரைஞ்சேன்."

"கேட்டுக்கினீங்களா மேடம்!" உதயா துள்ளினான்.

"நீ சும்மா இருய்யா. ஜென்சி, இவங்களை ஜீப்புல ஏத்து."

பெண் போலீஸ் ஜென்சி தோளைத் தொட்டாள். மெஹ்ரீன் நகரவில்லை. கண் சடலத்தின் மேலேயே இருந்தது.

"ஒரு நிமிஷம்! இது என் படம் இல்ல மேடம்!"

"என்னம்மா, அதுக்குள்ள மாத்திப் பேசறே?"

"செல்லுல இருக்கறது என் படம். தரையில இருக்கறது இல்ல! நான் வரைஞ்சதுல வாட்ச் இடது கையில. கத்தரிக்கோலும் இடது பக்கக் கழுத்துல. இங்க ரெண்டுமே வலது பக்கம்! அவரோட இடது மணிக்கட்டைப் பாருங்க..."

கோகிலவாணி குனிந்தார். வெயிலில் கறுத்த கையில் வாட்ச் பட்டை அளவுக்கு மட்டும் வெளுத்த தடம். எப்போதும் இடது கையில் கட்டுகிற வாட்சைக் கழற்றி யாரோ வலது கையில் மாட்டியிருக்கிறார்கள்!

"படம் திருடுறவங்க அப்படியே போட மாட்டாங்க மேடம். கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சிடும்னு வலது இடதா திருப்பிப் போடுவாங்க. திருப்பின படத்தைப் பார்த்து எவனோ இங்க செட் பண்ணியிருக்கான். என்னை மாட்டிவிட!"

"அந்தத் திருப்பின படம் யார்கிட்ட இருக்கு?"

மெஹ்ரீன் மூன்றாவது புகாரைத் தன் செல்லில் திறந்து காட்டினாள். நேற்று சாயங்காலம் ஏழு மணிக்கு வந்தது. ஆதாரமாக ஒரு படம். வாட்ச் வலது கையில்... கத்தரிக்கோல் வலது பக்கக் கழுத்தில்!

கோகிலவாணி சத்தமாகப் படித்தார். "'என் கையால் நானே வரைந்த அசல். வேறு யாரிடமும் இதன் பிரதி கிடையாது. இப்படிக்கு, உதயா.'"

உதயாவுக்கு வேர்த்துக் கொட்டியது.

"அது... அண்ணன் அனுப்ச்சது மேடம்..."

"பொய்!" மெஹ்ரீன் வெடித்தாள். "நேத்து ராத்திரி எட்டு மணிக்கு அவர் எனக்குப் போன் பண்ணாரு. 'உன் படத்தப் பார்த்ததுலேர்ந்து மனசே சரியில்லம்மா, உதயா கொடுத்த புகார் எல்லாத்தையும் காலையில வாபஸ் வாங்க வைக்கிறேன்'னாரு! அதைத் தடுக்கத்தான் இவன் அவரைத் தீர்த்துட்டான்!"

உதயா வாசலுக்குப் பாய்ந்தான். ஜென்சி காலை நீட்டினாள். டி-ஷர்ட் குவியலின் மேல் குப்புற விழுந்தான்.

"மேடம், பொய் கம்ப்ளெயிண்ட் மேடம்! எனுக்கு ஒரு கோடு கூட போட வராது! அத்தினி படமும் அந்தப் பொண்ணோடதுதான்!"

"எழுதித் தரச் சொல்லுங்க மேடம்!" என்றாள் மெஹ்ரீன். "மணி பன்னெண்டுதான் ஆகுது!"

உதயா எழுதினான். கையெழுத்தும் போட்டான். பேனாவை வைத்த மறுநொடி விலங்கு விழுந்தது.

"இன்னா மேடம் இது... அதான் எல்லாத்தியும் திருப்பிக் குடுத்துட்டேனே!"

கோகிலவாணி சிரித்தார்.

"படமெல்லாம் அந்தப் பொண்ணுக்கு. கொலை மட்டும் உனக்கு. கவலைப்படாதே... அதுக்கு உரிமை கேட்டு ஒருத்தரும் வர மாட்டாங்க!"