அப்பா தூங்கும்போது போட்ட கணினி

அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட் என்றால் இளவேனிலின் வீடு பகலெல்லாம் வாயைப் பொத்திக்கொள்ளும்.

காலிங் பெல்லை அணைத்துவிடுவார்கள். குக்கர் விசில் அடித்து வைக்கும் என்று அம்மா சோற்றைப் பானையில் வடிப்பார். கீரை விற்கும் கண்ணகி அக்காகூட அவர்கள் வீடு இருக்கும் பிளாக் வந்ததும் ரகசியம் சொல்வதுபோல, “அரைக்கீரை இருக்குங்க” என்பார். நெய்வேலி குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் ஒரு பழைய கணினி வந்தது. எதிர்வீட்டு செவ்வந்தி அக்கா கல்லூரியில் படிக்கிறார். புது மடிக்கணினி வாங்கியதும் பழைய கணினியை இளவேனிலுக்கே கொடுத்துவிட்டார். அதில் புதிதாக ஓர் இயங்குதளத்தையும் ஏற்றித் தந்தார். அது இல்லாவிட்டால் கணினி வெறும் பெட்டிதான்.

“இதுக்குக் காசு கிடையாது. எங்கெங்கயோ இருக்கறவங்க சேர்ந்து செஞ்சு, யார் வேணா எடுத்துக்கலாம்னு வெச்சிருக்காங்க” என்றார் அக்கா. “ஆனா இது சோதனைப் பதிப்பு. இன்னும் முழுசா முடியல.”

“முடியாததை எதுக்குக்கா நமக்குக் கொடுத்தாங்க?”

“நாம ஓட்டிப் பார்த்து, தப்பு இருந்தா சொல்லணும். அதான் நாம செய்யற உதவி.”

படம் வரையலாம், கதை எழுதலாம், கணக்குப் போட்டு விளையாடலாம். இவ்வளவையும் சும்மா கொடுத்தவர்களை நினைத்தால் இளவேனிலுக்கு மனசு நிறைந்துபோயிற்று.

மறுநாள் பள்ளி விடுமுறை. அப்பா அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். முந்தின நாளே சத்தத்தை முழுக்க அணைத்து வைத்த தைரியத்தில் இளவேனில் கணினியைப் போட்டாள்.

“டட்டடாங்...” என்று வீடே அதிர்ந்தது.

அப்பா லுங்கியைப் பிடித்தபடி ஓடிவந்தார். “என்னம்மா, எது விழுந்துச்சு?”

“எதுவும் விழலப்பா. கம்ப்யூட்டர்தான்...”

அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு. போய்ப் படுத்தவர் புரண்டுகொண்டே கிடந்தார். இரவு கொட்டாவி விட்டபடிதான் வண்டியை எடுத்தார். சுரங்கத்தில் ஓடும் பெரிய கன்வேயர் பெல்ட்டைக் கவனிப்பது அவர் வேலை. அங்கே கண் அசரக் கூடாது.

“இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா, அது செவ்வந்தி வீட்டுக்கே போயிடும்” என்றார் அம்மா. அம்மா சொன்னால் சொன்னதுதான்.

இளவேனில் அக்காவிடம் ஓடினாள்.

“நீ சத்தத்தைக் குறைக்க மறந்திருப்ப” என்றார் அக்கா.

“இல்லக்கா. உங்க இயர்போனைக் கொஞ்சம் தாங்களேன், பார்த்துடலாம்.”

இயர்போனைச் சொருகினால் சத்தம் வெளியே வராதல்லவா? இருவரும் இளவேனில் வீட்டுக்கு வந்து, ஆளுக்கொரு காதில் வைத்துக்கொண்டார்கள். சத்தத்தை அணைத்தார்கள். கணினியை நிறுத்தி மறுபடி போட்டார்கள். அடுத்த நொடி இரண்டு பேரும் காதைப் பிடித்துக்கொண்டு துள்ளினார்கள்.

“அட, ஆமா. ஒவ்வொரு தடவையும் அதுவே சத்தத்தை ஏத்திக்குது” என்றார் அக்கா, காதைத் தேய்த்துக்கொண்டே. “நீ பேசாம அப்பா முழிச்சிருக்கும்போது மட்டும் போடு.”

“நான் அப்படிப் போட்டுக்கறேன்க்கா. மத்த வீட்ல என்ன செய்வாங்க? இதைச் செஞ்சவங்களுக்குச் சொல்லணும்ல?”

இளவேனில் தமிழில் சொன்னாள். அக்கா ஆங்கிலத்தில் எழுதி, செய்தவர்களுக்கு அனுப்பினார். ‘எங்க அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட். பகல்லதான் தூங்குவாங்க’ என்று இளவேனில் சொன்னதும் அக்கா கையை நிறுத்தினார்.

“இதெல்லாம் எதுக்கு?”

“அதுதாங்க்கா முக்கியம்.”

சில நாளில் பதில் வந்தது. அக்கா படித்துச் சொன்னார்: “நாங்கள் இத்தனை பேர் சோதித்தும் இது கண்ணில் படவில்லை. எங்கள் வீடுகளில் பகலில் யாரும் தூங்குவதில்லை. உன் அப்பாவிடம் எங்கள் மன்னிப்பைச் சொல். சரிசெய்துவிட்டோம். உனக்கு நன்றி.”

எங்கோ இருப்பவர்கள் தன் அப்பாவின் தூக்கத்துக்காக வேலை பார்த்திருக்கிறார்கள். இளவேனிலுக்குக் கண் கலங்கிவிட்டது.

திருத்திய பதிப்பை ஏற்றியதும், அப்பா வேலைக்குப் போயிருந்த நேரத்தில் பலமுறை போட்டுப் பார்த்தாள். சத்தமே இல்லை. ஆனாலும் அப்பா தூங்கும்போது போட அவளுக்குக் கை வரவில்லை. அப்பாதான் படுக்கப் போகுமுன் சொன்னார், “போடும்மா. அவங்கதான் சரிபண்ணிட்டாங்களே.”

அப்பா தூங்கியதும் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். இளவேனில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். திரையில் நீல ஒளி வந்தது. படம் வந்தது. உள்ளறையிலிருந்து அப்பாவின் குறட்டை மட்டும் சீராக வந்துகொண்டிருந்தது.

அம்மா அவள் தலையைத் தடவிவிட்டு, பூனை நடை நடந்து அடுப்படிக்குப் போனார்.

இளவேனிலுக்கு அந்த முகம் தெரியாதவர்களைக் கூப்பிட்டுக் கத்தி நன்றி சொல்ல வேண்டும்போல் இருந்தது. அப்பா தூங்குகிறாரே. அதனால் ஒவ்வோர் எழுத்தாக, சத்தம் வராமல் தட்டினாள்: ‘எங்க அப்பா நல்லாத் தூங்கறாங்க. ரொம்ப நன்றி.’