மூன்று பேருக்கு மட்டும்

நடையில் யாருமே இல்லை. ஆனாலும் சமத்து சுவரோரம் ஒதுங்கி வழி விட்டது.

சமையலறை வாசலில் ஈரக்கையோடு நின்றவள் அதைப் பார்த்துவிட்டாள். ரோபோக்களுக்கு மனுஷத்தனம் பழக்குவதுதான் அவள் வேலை, கண்ணுகளா. எதிரே ஆள் வந்தால் ஒதுங்குவது, ஆளின் உயரத்துக்குத் தலையைத் தாழ்த்துவது, பேசப் பேச ‘ம்’ கொட்டுவது, எல்லாம் அவள் வைத்த பாடம். சமத்து என்ற இந்த ரோபோவைப் பழக்கிப் பார்க்க வீட்டுக்குக் கொண்டுவந்தால், அது டிவியில் தெரிந்த முகங்களையெல்லாம் ‘வாங்க, வாங்க’ என்று உபசரித்து உயிரை வாங்கியது. தொல்லை தாங்காமல் ஒரு கட்டளை போட்டாள்: இந்த வீட்டில் மூன்றே பேர். புதிதாக ஒருவர் நுழைந்தால், பழையவர் ஒருவரை மறந்துவிட வேண்டும்.

அந்த மூவர், அவளும் கணவனும் ஐந்து வயது மகளும்.

இப்போது சமத்து தலையைத் தாழ்த்தியது. குழந்தை உயரத்துக்கு.

“ம்,” என்றது. கொஞ்சம் பொறுத்து, “ம்... அப்புறம்?”

வெளியூரிலிருந்த கணவனுக்குப் போன் போட்டாள். “ஏங்க, இது காத்துகிட்ட கதை கேட்டுட்டு நிக்குது.”

“உன் பேச்சையே கேக்குதே, காத்து பேசினா கேக்காதா?”

சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். நனைந்த துணியை நாள்கணக்கில் மூடிவைத்த வாடை ஒன்று நடையிலிருந்து மெல்ல மெல்ல அவள் பக்கம் நகர்ந்து வந்தது.

மகள் அறையிலிருந்து ஓடிவந்தாள். “சமத்து, தள்ளு!”

அது தள்ளவில்லை. குழந்தை அதன் காலில் மோதி விழுந்தாள். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அம்மா, சமத்துக்கு என்னைத் தெரியலையா?”

மூன்றே பேர். அப்படியானால் புதிதாக ஒருவர் நுழைந்திருக்கிறார்.

அவள் பாய்ந்துபோய் அதன் பிடரியிலிருந்த பொத்தானை அழுத்தினாள். கண்விளக்கு அணைந்தது. கால்கள் நிற்கவில்லை. வெறுங்காற்றை விரல் பிடித்து நடத்திக்கொண்டு மகளின் அறைக்குள் போனது. அவள் மகளோடு பின்னாலேயே நுழைந்தாள். அது கட்டிலில் போர்வையை விரித்தது. இழுத்துவிட்டது.

போர்வை தட்டையாகப் படியவில்லை.

ஏறியது. இறங்கியது.

“வா குட்டி, வெளியே போயிடலாம்.” மகளின் கையை இறுகப் பிடித்தாள்.

சமத்து திரும்பியது. அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால், அறை வாசலைப் பார்த்தது. ஒதுங்கியது. தலை மேலே எழுந்தது. சரியாக அவள் உயரத்துக்கு.

“வாங்கம்மா. பாப்பா தூங்கிட்டா.”

“சமத்து! நான் இங்க இருக்கேன்!”

அது ‘ம்’ கூடச் சொல்லவில்லை.

மகள் மெதுவாக அவள் பிடியிலிருந்து விரல்களை உருவிக்கொண்டாள். காலி வாசலை அண்ணாந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது.

“அம்மா,” என்றாள்.