குடலில் திறக்கும் கூடு

"இரண்டு மணி நேரம் பத்து நிமிஷம். அதுக்குப் பிறகு ஒண்டும் செய்யேலாது."

றுஷ்னா தரையைப் பார்த்தபடி சொன்னாள். ஆய்வுக்கூடத்தில் புற்றுநோய்க்கான மருந்துக் குளிசைகளைச் செய்தவள் அவள்தான்.

பள்ளிவாசல்துறைக் கரை. கையில் விலங்கோடு படகில் சாய்ந்து கிடந்தான் ஸஜீத். குளிசைகளைக் களவெடுத்த படகோட்டி. பொலிஸ் வளைத்ததும்...

விழுங்கிவிட்டான்! இருபதையும்!

"தங்கம் கடத்தேக்க விழுங்கிற பழக்கத்துல விழுங்கிட்டன் தங்கச்சி! அது ரெண்டு நாளையில வெளிய வந்திடுமே!"

"இது வராது நானா," அண்ணன் முறை வைத்துச் சொன்னாள் றுஷ்னா. "வெளிக்கூடு தென்னந்தும்புல எடுத்த செலுலோஸ். நாங்க அத மாத்தியிருக்கம். வயித்துப் புளிப்புல கரையாது. குடலுக்குப் போனாத்தான் திறக்கும். ஒண்டு எண்டா மருந்து. இருபது எண்டா..."



"தொண்டையில விரல விட்டுச் சத்தி எடுடா!" கத்தினார் இன்ஸ்பெக்டர் யூட்.

"நோம்பு சேர்! வேணுமெண்டு சத்தி எடுத்தா முறிஞ்சிடும்!"

"இருபது குளிசை விழுங்கேக்க முறியல்லயா?"

"அது... பயத்துல சேர்!"

"ஏத்துங்கடா ஜீப்புல! ஆஸ்பத்திரிக்கு!"

ஆய்வுக்கூடத் தலைவர் மஹ்ரூப் ஜீப்பின் கதவை மறித்தார்.

"அவசரப்படாதீங்க இன்ஸ்பெக்டர். ஆஸ்பத்திரி எண்டா பத்திரிகைக்காரன் வருவான். கூடத்தையே இழுத்து மூட வேண்டி வரும்."

"ஆள் செத்துடுவான் சேர்!"

"கள்ளன்தானே..."

ஸஜீத் நிமிர்ந்தான்.

"என்ன சொன்னீங்க?"

மஹ்ரூப் ஜீப்பின் கதவை விடவில்லை.

"மருந்து வச்சுப் பூட்டுற அலுமாரித் திறப்பத் தந்தது யாரு? இந்தியாக்காரன் போட்டுல வருவான், குடுத்துட்டு வா எண்டது யாரு? இப்ப நான் மட்டும் சாகணுமா?" அலறினான் ஸஜீத். "இவர்தான் சேர்! என்ட போன்ல இவர்ட குரல் இருக்கு. கேளுங்க!"

யூட் போனை வாங்கி அந்தக் குரலைக் கேட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இரண்டாவது விலங்கு மஹ்ரூபின் கையில் விழுந்தது!

"ஜீப்ப எடு! நேரம் ஓடுது!"

றுஷ்னா முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினாள்.

"மெதுவாப் போகலாம் சேர்."

"என்ன?!"

"அலுமாரிக்குள்ள யாரோ கை வைக்கிறது தெரிஞ்சிச்சு. யாரெண்டுதான் தெரியல்ல. திங்கக்கிழமையே மருந்த வேற இடத்துக்கு மாத்திட்டன். இந்த நானா விழுங்கினது வெறும் கூடு. உள்ள ஒண்டுமே இல்ல. ஆள் யாரெண்டு வெளிய வரத்தான் நேரம் சொல்லிப் பயங்காட்டினன்."

ஸஜீத் வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"அப்ப... எனக்கு ஒண்டும் ஆகாதா தங்கச்சி?"

"ஆகும் நானா. அந்தக் கூடு அவ்வளவும் தென்னை நார்... நாளைக்குக் காலையில ரெண்டு தரம் கக்கூசுக்கு ஓட வேண்டி வரும்!"