எதிர்க்கரைச் சக்களத்தி

தலையணை உறையில் கறுப்பாக விரல் தடங்கள். அஸ்ரானி தலை சாய்க்கும் இடத்தை யாரோ தடவிக் கொடுத்தது போல.

ரூசிடா சோப்பு போட்டுத் தேய்த்தாள். ஆற்று மணலை அள்ளித் தேய்த்தாள். போகவில்லை. புளித்த மாம்பால் போல ஒரு வாடை மட்டும் கிளம்பியது. அந்த வாடையை அவளுக்குத் தெரியும். சமையலறை ஜன்னலைத் திறந்தால் போதும், ஆற்றைத் தாண்டி வந்துவிடும். எதிர்க்கரைச் சேற்றில் வேர்களை அகல ஊன்றி, உச்சியில் மட்டும் ரத்தச் சிவப்பாகத் தளிர்விட்டு, இந்த ஜன்னலையே பார்த்தபடி நின்றது ஜிங்கா மரம்.

மழைக்காலத் தொடக்கத்தில் அதன் கிளையை வெட்டப்போன அஸ்ரானி, முகம் பூசணிக்காயாக வீங்கித் திரும்பினான். வெட்டுவாயில் கண்ணீர் போலத் தெளிவாகக் கசிந்து, காற்று பட்டதும் மையாகக் கறுக்கும் பால் அது. தோலில் பட்டால் கொப்புளம். மழை நாளில் இலைச்சொட்டு விழுந்தாலும் அதே கதிதான். அந்த ஆற்றங்கரையின் பஞ்சார் ஜனங்கள் அதற்கு வைத்திருந்த மருந்து கல்யாணம். மரத்தையே கட்டிக்கொள்ள வேண்டும். பெண்டாட்டியான பிறகு புருஷனைச் சுடமாட்டாள்.

மஞ்சள் சோறு, சீப்பு, கண்ணாடி எல்லாம் வைத்து இமா அத்தைதான் நடத்தி வைத்தாள். மரத்தின் இடுப்பில் சுற்ற, மணப்பெண் உடுத்திய துணி வேண்டுமாம். ரூசிடாவின் கல்யாணத் துணியை எடுத்துப் போனார்கள்.

"எப்ப அத்த திருப்பித் தருவீங்க?"

"திருப்பித் தரணுமாம்ல! அது தானா மக்கித்தான்டி விழணும். எவளாவது அவுத்தா, அவதான் அங்க நின்னு பதில் சொல்லணும்" என்று வெற்றிலை வாயோடு சிரித்தாள் அத்தை.

மறுநாளே வீக்கம் வடிந்தது. அஸ்ரானியின் மனசுதான் திரும்பி வரவில்லை.

படகில் போகும்போதும் வரும்போதும் துடுப்பை நிறுத்தி, "நான்தான், உன் புருஷன்" என்பான். அது வழக்கம்தான். ஆனால் பிறகு இறங்கவும் ஆரம்பித்தான். மற்றவர்கள் நிழலுக்கே அஞ்சும் அந்தப் பட்டையில் முதுகைச் சாய்த்து, கண்ணை மூடி, பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தான். வீட்டுக்கு வந்தால் அவன் தலைமுடியில் அந்த வாடை. சாப்பாட்டில் பாதி மீனை எடுத்து இலையில் மடித்து வைத்துக்கொண்டான்.

துறையில் மஸ்னியா துணியை அடித்துக்கொண்டே கேட்டாள். "என்னடி, இளையவ சௌக்கியமா? உன்னைவிட உசரம், உன்னைவிட சிவப்பு. குறுக்க பேசவும் மாட்டா!"

எல்லோரும் சிரித்தார்கள். ரூசிடாவும் சிரித்தாள்.

அன்று தலையணை உறையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது யாரோட கைங்க?"

அவன் அதை வாங்கி மோந்து பார்த்தான். முகம் இளகியது. "விடு ரூசி. அவ ஒண்ணும் கேக்கறதில்ல. உன்னை மாதிரி இல்ல."

அவன் வலை விரிக்கக் கிளம்பியதும் அவள் அரிவாளை எடுத்தாள். சின்னப் படகை அவிழ்த்தாள். என் துணி. என் புருஷன்.

மரத்தடியில் பூச்சிச் சத்தம்கூட இல்லை. இலைகளிலிருந்து பழைய மழை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டு கழுத்தில் விழுந்தது, மார்பில் வழிந்தது. எரியவில்லை. துணியைப் பார்த்தாள். பாதியைப் பட்டை விழுங்கியிருந்தது, உதடு மூடுவது போல. சில வாரத்தில் எந்த மரம் இப்படி வளரும்?

வெட்டினாள். உள்ளே சதை போலச் சிவப்பு. தெளிந்த நீர் துளிர்த்து அவள் மணிக்கட்டில் ஓடியது. பிய்த்து இழுத்தாள். வந்துவிட்டது. இடுப்பில் சுற்றி இறுக்கி முடிந்தாள்.

"இப்ப சொல்லுடி. யார் பெண்டாட்டி?"

மரம் பெருமூச்சு விட்டது. அல்லது காற்று.

படகுக்குத் திரும்பினாள். கால் வரவில்லை.

சேறுதான் என்று நினைத்தாள். இழுத்தாள். சேறு இழுத்துப் பிடிக்கவில்லை. கால்தான் சேற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. விரல் விரலாக. ஆழமாக. குளிர்ச்சியாக.

எதிர்க்கரையில் அந்தித் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு ஒலித்தது. அவள் வீட்டில் விளக்கு எரிந்தது. படிக்கட்டில் ஒரு பெண் ஏறிக்கொண்டிருந்தாள். ஈரக் கூந்தல். ரூசிடாவின் நடை. அவளுடைய தோள்.

"ஏய் ரூசி, எங்கடி போன? இப்படி நனைஞ்சிருக்க?" அஸ்ரானியின் குரல் தண்ணீர்மேல் தெளிவாக வந்தது.

கத்தினாள். இலைகள் சலசலத்தன.

விடிந்ததும் படகு வந்தது. பின்னால் அஸ்ரானி, முன்னால் அவள். ரூசிடாவின் முகம். ரூசிடாவின் மூக்குத்திகூட. அவன் துடுப்பை நிறுத்தினான்.

"நான்தான், உன் புருஷன்."

"அவகிட்ட என்னங்க பேச்சு?" முன்னால் இருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். நேராக. கண்ணுக்குள். உதட்டோரம் மெல்லச் சிரித்தாள். "அந்தக் கிளை படகுல இடிக்குது. வெட்டிடுங்க."

"பால் தெறிக்குமே..."

"உங்களை ஒண்ணும் பண்ணமாட்டா. கட்டிக்கிட்டவர்தானே."

அரிவாளை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

முதல் வெட்டு விழுந்தது. தெளிந்த நீர் பீறிட்டு அவன் கன்னத்தில் தெறித்தது. எதுவும் ஆகவில்லை. புறங்கையால் துடைத்துக்கொண்டு அடுத்த வெட்டுக்கு ஓங்கினான்.

வெட்டுவாயில் வழிந்துகொண்டிருந்த நீர் காற்று பட்டு, மெல்ல மெல்ல, கறுக்கத் தொடங்கியது.