வாடாத காட்டின் நச்சுயிரி

காலையில் பயிர்நோய் வாசிப்பகத்தைத் திறந்ததும் நிலோஃபர் முதலில் தேநீர் போடுவாள், பிறகு இலைகளைப் போடுவாள். முதுகுளத்தூர் வட்டாரத்து மிளகாய்க் காடுகளில் ட்ரோன்கள் விடியலிலேயே பறந்து, நோய்பட்டதாகத் தெரிந்தவற்றைப் பார்த்துக் கிள்ளிவந்த இலைகளை மரபுவாசிப்பான் ஒவ்வொன்றாக அரைக்கும். உள்ளே இருக்கும் நச்சுயிரிகளின் மரபணு எழுத்துகளைப் படித்துப் பெயர் சொல்லும். பெரும்பாலும் தெரிந்த முகங்கள்தான்: இலைச்சுருள், தேமல், நரம்புவெளுப்பு. அவள் தலையாட்டினால் மருந்து வண்டி கிளம்பும்.

அன்றைக்கு ஓர் இலையில் வாசிப்பான் தயங்கி நின்று, "பெயரிலி" என்றது.

நிலோஃபர் தேநீரை மறந்தாள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒரு புது நச்சுயிரியைக்கூட அவள் கண்டதில்லை. எழுத்து வரிசையைத் திரையில் விரித்து, தெரிந்த குடும்பங்களோடு ஒட்டிப் பார்த்தாள். கிட்டத்துச் சொந்தமே ஒன்றுவிட்ட பங்காளி தூரத்தில் நின்றது. சந்தோஷத்தில் வரிசையை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தாள்.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுள் குறைவு. பெரும்பஞ்சத்துக்குப் பிறகு வந்த சட்டம் அப்படி: நோய்க்கு மருந்திருந்தால் தெளி, இல்லாவிட்டால் செடியைப் பிடுங்கு. பெயரிலிக்கு ஏது மருந்து? பொழுது சாய்வதற்குள் 'பிடுங்கி' என்று ஊரார் பெயர் வைத்திருக்கும் இயந்திரம் வந்து நிற்கும். தடுக்க ஒரே வழி, அந்த நச்சுயிரி செடியை என்ன செய்கிறது என்று படத்தோடு, நச்சுயிரிகளின் அரசுப் பதிவேடான வகைப்பாட்டகத்தில் பதிவதுதான்; அறிகுறி பழைய நோயோடு ஒத்துப்போனால் அதன் மருந்தே செல்லும்.

அந்த இலை வந்த காடு பஞ்சவர்ணத்துடையது. அரசாங்கம் நச்சுயிரி நீக்கித் தரும் தூய நாற்றை வாங்காமல், தானே விதை எடுத்து வைக்கும் பிடிவாதக்காரி. நிலோஃபர் கைவாசிப்பானோடு அங்கே ஓடினாள்.

"பிடுங்கிருவாகளா தாயி? இந்த வெதை எங்கிட்ட மட்டுந்தான் இருக்கு. அப்பறம் நான் எங்க போவேன்?"

"ஒரு நோய் காட்டுங்கக்கா. சுருண்ட இலை, மஞ்சப் புள்ளி, எதாவது."

இருவரும் பாத்தி பாத்தியாகக் குனிந்து தேடினார்கள். ஓர் இலைகூட மாட்டவில்லை.

"சீக்கைத் தேடி அலையுற கூத்த இப்பத்தான் பாக்குறேன்" என்றாள் பஞ்சவர்ணம்.

உச்சி வெயிலில் நிலோஃபருக்குத் தலை சுற்றியது. அப்போதுதான் உறைத்தது. "இந்த வெயில்ல ஒரு செடிகூட ஏன் வாடல?"

"எங்காட்டுச் செடி என்னைக்கு வாடுச்சு? அந்தா பாருங்க, எங்கொழுந்தன் சோலைராசு காடு. தூய நாத்து. பத்து மணிக்கே தலையத் தொங்கப் போட்டுரும், அவரு மாதிரியே."

நடுவில் ஒரு வரப்புதான். வாய்க்கால் சண்டைக்குப் பிறகு இந்தக் காட்டுக் காலும் கையும் அந்தக் காட்டில் பட்டதில்லை. நிலோஃபர் வரப்பைத் தாண்டி இலை கிள்ளி, கைவாசிப்பானில் போட்டாள். நச்சுயிரியே இல்லை, கழுவிவிட்ட மாதிரி. திரும்பி வந்து இந்தப் பக்கம் எந்தச் செடியைக் கிள்ளினாலும் பெயரிலி இருந்தது.

"அக்கா, இது உள்ள செடி நல்லா இருக்கு. இல்லாத செடிதான் வாடுது."

"அப்ப சீக்கு எங்கொழுந்தன் காட்டுக்குத்தானா?"

நிலோஃபர் சிரித்தே விட்டாள். இன்று ஏதோ ஒரு ட்ரோன் தவறி நல்ல இலையைக் கிள்ளியிருக்க வேண்டும். இத்தனை காலமும் நோயுற்ற இலைகளிலேயே தேடியதால், வகைப்பாட்டகத்துக்குத் தெரிந்த நச்சுயிரி எல்லாம் நோயாகவே இருந்தது. சோலைராசுவின் வாடிய செடியைப் படமெடுத்தாள். நோய்: வாடல். காரணம்: இந்த நச்சுயிரி இல்லாமை. வகைப்பாட்டகம் சற்று நேரம் யோசித்துவிட்டு ஏற்றுக்கொண்டது. சாலை முனைக்கு வந்துவிட்டிருந்த பிடுங்கி நின்றது. பஞ்சவர்ணம் நிலோஃபரின் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பிடுங்கி மெல்லத் திரும்பி, சோலைராசு காட்டுக்குள் இறங்கியது.

நிலோஃபர் கைவாசிப்பான் திரையைப் பார்த்தாள். புது நோய், மருந்து இல்லை. முதல் காடு சோலைராசுவுடையது. அதன் பின்னால் தூய நாற்று நட்ட காடெல்லாம் வரைபடத்தில் ஒவ்வொன்றாகச் சிவந்துகொண்டிருந்தது. அவசர அவசரமாகப் பதிவைத் திரும்பப் பெற விண்ணப்பித்தாள். மறுபரிசீலனைக்குக் காத்திருக்கவும் என்று பதில் வந்தது. கண்டுபிடித்த மிதப்பில் இதை யோசிக்காமல் போனோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

சோலைராசு துண்டு நழுவ ஓடிவந்தார். "நிறுத்துங்க! எங்காட்டுக்கு என்ன சீக்கு?"

பஞ்சவர்ணம் நிலோஃபரைப் பிடித்து உலுக்கினாள். "இது அங்கிட்டு ஒட்டுச்சுன்னா விட்டுருவாகளா?"

"விட்டுருவாங்க. இலைய நல்லா தேய்ச்சா, சாறு பட்டு ஒட்டும். ஆனா..."

அவள் முடிப்பதற்குள் பஞ்சவர்ணம் தன் செடியில் இரண்டு கை நிறைய இலையை உருவிக்கொண்டு வரப்பைத் தாண்டிவிட்டாள். கசக்கிக் கசக்கிக் கொழுந்தன் செடிகளில் தேய்த்தாள்.

"பாத்துக்கிட்டு நிக்கிறீகளே தம்பி! வந்து தேய்ங்க!"

"இந்தா வந்துட்டேன் மதினி" என்று சோலைராசு அவள் பக்கத்தில் குனிந்தார்.

தேய்த்த நச்சுயிரி செடிக்குள் பெருகி, வாசிப்பான் கண்ணில் படுவதற்கு ஒரு வாரமாவது ஆகும் என்பது நிலோஃபருக்குத் தெரியும். பிடுங்கி இரண்டாவது பாத்தியில் இருந்தது. அவளும் ஒரு கை இலையை உருவிக் கசக்கிக்கொண்டு மூன்றாவது பாத்தியில் இறங்கினாள்.